கவுன்சில் தந்த வாடகை உதவி: ஐந்துக்கு மூன்றரை

காசுக்கு நாலு. படிவத்துக்கு ஒன்றரை. தொலைபேசிக்குப் பூச்சியம். கடைசியில் முடிவெடுத்த அலுவலருக்கு நாலரை. கூட்டிப் பிரித்தால் இரண்டரைதான் வருகிறது. ஆனாலும் மூன்றரை போடுகிறேன். இருந்த வீட்டிலேயே இன்னும் இருக்கிறோம், அந்த ஒன்றுக்காக.

எந்தக் கவுன்சில் (உள்ளூராட்சி சபை) என்று எழுதப் போவதில்லை. வெளி லண்டனில் ஒன்று. ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் வாழைப்பொத்தியும் முருங்கைக்காயும் வாங்கலாம், அந்த மாதிரி இடம். உதவியின் பெயர் டிஸ்கிரெஷனரி ஹவுசிங் பேமென்ட், சுருக்கமாக டி.எச்.பி. 2001 இலிருந்து இருந்த திட்டம், இங்கிலாந்தில் 2026 மார்ச் வரைக்கும் இந்தப் பெயரில். இத்தனை வருடம் இங்கே இருந்தும் நான் அதைக் கேள்விப்பட்டதே இல்லை. ஹவுசிங் பெனிஃபிட்டோ, வீட்டு வாடகைப் பங்கு சேர்ந்த யுனிவர்சல் கிரெடிட்டோ (இரண்டும் வருமானம் குறைந்தவர்களுக்கு அரசாங்கம் தரும் காசு) எடுக்கிறவர்களுக்கு, அந்தக் காசும் வாடகைக்குப் போதாமல் போனால், மிச்சத்தைக் கொஞ்சக் காலத்துக்குக் கவுன்சில் தரலாம். 'தரலாம்' என்பதைக் கவனியுங்கள். தரவேண்டும் என்று சட்டம் இல்லை. அவர்கள் மனம் வைத்தால் உண்டு.

எங்கள் கதை சுருக்கமாக. இவர் ஒரு கிடங்கில் இரவு வேலை. 2025 ஜூனில் முதுகு பிடித்துக்கொண்டது, டிஸ்க் விலகிவிட்டது என்றார்கள். சம்பளம் நின்று சிக் பே வந்தது: கிழமைக்கு 118.75 பவுண்ட். அதுவும் 28 கிழமைக்குத்தான். நான் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் அரைநேர வேலை, தவணைக் காலத்தில் மட்டும். இரண்டு பெண் பிள்ளைகள், மூத்தவளுக்குப் பதினைந்து, சின்னவளுக்கு ஒன்பது. யுனிவர்சல் கிரெடிட்டுக்குப் போட்டோம். அது வந்து சேர்கிற நேரம் பார்த்து வீட்டுச் சொந்தக்கார அண்ணாவின் கடிதமும் வந்தது, செப்டெம்பர் முதலாம் திகதியிலிருந்து வாடகை 1,400 அல்ல, 1,550 என்று. நல்ல மனிதர்தான். "தங்கச்சி, மோர்ட்கேஜ் ஏறிப்போச்சு, நான் என்ன செய்ய" என்று போனிலும் சொன்னார். நான் என்ன செய்ய என்று அவரிடம் கேட்கவில்லை.

யுனிவர்சல் கிரெடிட் முழு வாடகையையும் பார்ப்பதில்லை. லோக்கல் ஹவுசிங் அலவன்ஸ் என்று ஓர் உச்ச எல்லை இருக்கிறது. ஒரு பகுதியின் வாடகைகளைக் குறைந்ததிலிருந்து கூடியது வரை அடுக்கினால் நூற்றுக்கு முப்பதாவது இடத்தில் எது நிற்குமோ அதுதான் எல்லை. அதைக் கடைசியாகத் திருத்தியது 2024 ஏப்ரலில். அதற்கு எடுத்த வாடகைகள் 2023 செப்டெம்பர் வரைக்குமானவை. பிறகு அப்படியே உறைய விட்டுவிட்டார்கள். அண்ணாவின் மோர்ட்கேஜ் உறையவில்லை. ஆக, மாதம் 310 பவுண்ட் இடித்தது. முன்பு என்றால் இப்படி இடிப்பதை இவருடைய ஓவர்டைம் மூடிவிடும்.

இனிப் படிவம். ஓன்லைனில் மட்டும். பதினான்கு பக்கம். கொஞ்ச நேரம் கை வைக்காமல் விட்டால் வெளியே தள்ளிவிடும், எழுதியது எல்லாம் போய்விடும். இரண்டாம் முறை தொடங்கும்போது சின்னவள் பக்கத்தில் இருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை மௌஸை ஆட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு மாத பாங்க் ஸ்டேட்மென்ட், எல்லோருடைய கணக்கும். மூத்தவளின் பிள்ளைக் கணக்கில் கிடந்த 61 பவுண்டும் அதில் அடக்கம். அதுவரைக்கும் சரி, பல்லைக் கடித்துக்கொண்டு செய்துவிடலாம். அப்புறம்தான் வருமானம், செலவு என்று ஒரு பக்கம் வந்தது. சாப்பாடு எவ்வளவு, உடுப்பு எவ்வளவு, போன் எவ்வளவு, டிவி எவ்வளவு, சிகரெட் எவ்வளவு, குடி எவ்வளவு, வளர்ப்புப் பிராணிக்கு எவ்வளவு.

நான் செய்த பிழை இங்கேதான். உடுப்புக்குப் பூச்சியம் என்று போட்டேன். சாப்பாட்டுக்கு நாலு பேருக்கு மாதம் 300 போட்டேன். எங்கள் வீட்டில் அரிசியும் மாவும் மீனும் மட்டுமே அதைத் தாண்டும். பள்ளிக்கூடச் செலவு பூச்சியம், தலைமயிர் வெட்டப் பூச்சியம். ஏன் அப்படிப் போட்டேன் என்று இப்போது யோசித்தால் சிரிப்பாக இருக்கிறது. உதவி கேட்டுப் போகிற இடத்தில் ஆடம்பரமாகத் தெரியக்கூடாது என்ற நினைப்பு. சிக்கனமான குடும்பம் என்று பார்த்தால் இரங்குவார்கள் என்று நம்பினேன். ஊரில் யாரிடமாவது கைமாற்றுக் கேட்டுப் போகும்போது நல்ல சீலையைக் கழற்றி வைத்துவிட்டுப் போவோமே, அந்தப் புத்தி.

ஒக்டோபர் 9 பதில் வந்தது. இல்லை. காரணம் இரண்டு. ஒன்று, உங்கள் செலவு போக மாதம் 42 பவுண்ட் மிஞ்சுகிறது. இரண்டு, ஒவ்வொரு மாதமும் ஒரு தனிநபருக்கு 200 பவுண்ட் போயிருக்கிறது, அதற்கு விளக்கம் இல்லை.

42 பவுண்ட் மிஞ்சுகிறதாம்! அந்த மாதம் வாடகை முழுதாகக் கட்டவில்லை, செப்டெம்பரும் முழுதாகக் கட்டவில்லை. ஆனால் என் கையால் எழுதிய கணக்கு அப்படித்தான் சொன்னது. கவுன்சில் என்னைத் தப்பாகக் கணக்குப் பார்க்கவில்லை. நான் காட்டிய கணக்கைச் சரியாகக் கூட்டியிருக்கிறது.

தொலைபேசிக்கு ஏன் பூச்சியம் என்றால், அன்றைக்கே எடுத்தேன். நாற்பது நிமிடம் பியானோ வாசித்தார்கள், பிறகு வெட்டுப்பட்டது. மறுநாள் ஐம்பது நிமிடம். எடுத்த பிள்ளை, "கடிதத்தில் இருப்பதுதான் எனக்கும் தெரியும்" என்று மிக அன்பாகச் சொன்னாள்.

இந்த உதவிக்கு நீதிமன்ற அப்பீல் கிடையாது. மற்ற பெனிஃபிட்டுகள் போல டிரிபியூனலுக்குக் கொண்டுபோக முடியாது. மீண்டும் பாருங்கள் என்று அதே கவுன்சிலிடம்தான் கேட்கலாம். எனக்கு வந்த கடிதத்தில் அதற்கு ஒரு மாதம் தந்திருந்தார்கள். நானாகவே ஒரு கடிதம் எழுதத் தொடங்கி, கண்ணீரும் கோபமுமாக இரண்டு பக்கம் எழுதி, நல்லவேளை அனுப்பவில்லை. பள்ளிக்கூடத்தில் என்னோடு வேலை செய்கிறவர் ஓர் இலவச ஆலோசனை நிலையத்தின் இலக்கம் தந்தார். அங்கே இருந்தவர் ஒரு சோமாலியப் பெண், என் வயதுதான் இருக்கும். என் செலவுப் பக்கத்தைப் பார்த்துவிட்டு முதல் கேள்வி: "உங்கள் பிள்ளைகள் சப்பாத்து போடுவதில்லையா?"

இரண்டு மணித்தியாலம் இருந்தோம். ஸ்டேட்மென்டை வரிவரியாகப் பார்த்து, நிஜமாகச் செலவழித்ததை எழுதினோம். சப்பாத்து, பனிக்காலக் கோட், இவருடைய வேதனைக் குளிசை, பிசியோவுக்குப் போக பஸ், சின்னவளின் பள்ளிக்கூடச் சுற்றுலா. சாப்பாடு 300 அல்ல, 470. ஓகஸ்டில் ஒரு சாமத்திய வீட்டுக்கு என்வலப்பில் வைத்த 50 பவுண்ட் மட்டும் இரண்டு பேருக்கும் எந்தப் பெட்டியில் போடுவது என்று தெரியவில்லை. 'பரிசுகள்' என்ற பெட்டியில் மாதத்துக்குப் பிரித்து நாலு பவுண்ட் சொச்சமாகப் போட்டோம். சாவகச்சேரியில் இருக்கும் அம்மாவுக்கு மாதம் அனுப்புகிற 40 பவுண்டையும் மறைக்காமல் எழுதினோம். அதைக் கவுன்சில் பிறகு வெட்டிவிட்டது. பரவாயில்லை, வெட்டுவார்கள் என்று அவர் முதலே சொல்லியிருந்தார். இவ்வளவும் எழுதிக் கூட்டினால், மிச்சம் 42 இருந்த இடத்தில் துண்டு 260 நின்றது.

அப்புறம் அந்த 200. அது சீட்டுக் காசு. இருபது பேர், இருபது மாதம், ஆளுக்கு 200. ஜனவரியில் தொடங்கியது. தமிழ் ஆட்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஆனால் ஆங்கிலத்தில் விளக்கிப் பாருங்கள்! முதல் விண்ணப்பத்தில் நான் அதை வேண்டுமென்றே விட்டேன். ஏதோ களவு போலத் தெரியும் என்ற பயம். இப்போது அரைப் பக்கம் எழுதினோம், யார் பிடிக்கிறார், எப்போது முடியும், கழிவு என்றால் என்ன என்று.

ஒக்டோபர் கடைசியில் கவுன்சில் அலுவலரே எடுத்தார். நான் மொழிபெயர்ப்பாளர் கேட்டிருந்தேன். என் ஆங்கிலம் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போதும், இதற்குப் போதாது. லைனில் வந்தவர் ஒரு சென்னைத் தம்பி. நல்ல பிள்ளை. நான் "கதைத்தனான்" என்றால் அவர் ஒரு நொடி யோசிப்பார், அவர் "நிலுவை" என்றால் நான் யோசிப்பேன். சீட்டு வந்தபோது அவர் "சிட்" என்று சொல்லி விளக்கப் பார்த்தார். பின்னால் நான் பதறிப்போய் "சீட்டு, சீட்டு" என்று சொன்னேன். அந்தப் பக்கம் அலுவலர் அமைதியாகிவிட்டார். பிறகு மெதுவாகக் கேட்டார், "யார் யாரை ஏமாற்றுகிறார்கள்?" ஆங்கிலத்தில் 'சீட்' என்றால் அதுதானே அர்த்தம்! தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, எனக்கு வேர்த்துவிட்டது. கடைசியில் அலுவலரும் சிரித்தார். எங்கள் விண்ணப்பம் அந்த இடத்தில்தான் உருப்பட்டது என்று எனக்கு ஒரு நினைப்பு.

சிரித்தாலும் மனிதர் கணக்கில் கெட்டி. "இந்தக் காசு உங்களுக்கு எப்போது வரும்?" நான் விரும்பினால் அடுத்த ஞாயிறே எடுக்கலாம், கழிவு போகும் என்றேன். "நீங்கள் இன்னும் எடுக்கவில்லை என்றால் மாதம் 200 என்பது சேமிப்பு. அதைச் செலவாக எடுக்க என்னால் முடியாது. எடுத்துவிட்டீர்கள் என்றால் அது கடன். கடன் கட்டுவதைச் செலவாக எடுக்கலாம்." அதே 200, சீட்டுப் பிடிக்கிற அதே அக்காவுக்கு, அதே திகதியில் போகிறது. எடுக்குமுன் சேமிப்பு, எடுத்தபின் கடன். கேட்கும்போது விசராக இருந்தது. இரவு படுத்துக்கிடந்து யோசித்தால் மனிதர் சொன்னது சரியாகத்தான் பட்டது.

நவம்பர் 2, ஞாயிறு, சீட்டை எடுத்தேன். இன்னும் ஒரு குடும்பம் கேட்டது, போட்டி. 450 கழிவு விட்டு 3,550 கையில் வந்தது. வாடகைப் பாக்கி 620, கிரெடிட் கார்ட் 1,100, அத்தானிடம் வாங்கிய 1,500, மிச்சம் 330 க்கு ஒரு வொஷிங் மெஷின். ரசீதுகளைப் படம் எடுத்து அனுப்பினேன். சீட்டை மூத்தவளின் படிப்புக்கு என்று வைத்திருந்தேன், அது வேறு கதை.

இன்னொன்றும் அந்த அழைப்பில் கேட்டார். "இந்த உதவி முடிந்த பிறகு என்ன செய்வீர்கள்?" இது எல்லோரிடமும் கேட்கிற கேள்வியாம். இது தற்காலிக உதவி. ஓட்டை எப்போதும் ஓட்டையாகவே இருக்கும் என்றால் அதில் தண்ணீர் ஊற்ற அவர்கள் விரும்புவதில்லை. மலிவான வீடு பார்ப்போம், இவர் வேலைக்குத் திரும்புவார், இப்படி ஏதாவது ஒரு கரை தெரியவேண்டும். இவருடைய முதுகைப் பற்றி என்னால் சத்தியம் பண்ண முடியாது. எங்களுக்குக் கரை வேறு இடத்தில் இருந்தது. அதைக் கண்டுபிடித்தவர் அந்த ஆலோசனைப் பெண். "மூத்தவளுக்கு எப்போது பதினாறு?" என்று கேட்டார். மார்ச் 9. "அப்படியென்றால் மார்ச் வரைக்கும் கேளுங்கள்."

விளக்கம் இதுதான். ஒரு குடும்பத்துக்கு எத்தனை படுக்கையறை என்று யுனிவர்சல் கிரெடிட்டில் ஒரு கணக்கு உண்டு. பதினாறுக்குக் கீழே ஒரே பாலான இரண்டு பிள்ளைகள் ஓர் அறை. ஆணும் பெண்ணும் என்றால் பத்து வயது வரைக்கும்தான் ஓர் அறை. பதினாறு ஆனவருக்குத் தனி அறை. ஆக, மார்ச் வரைக்கும் நாங்கள் இரண்டு அறைக் குடும்பம், மார்ச்சில் மூன்று அறைக் குடும்பம். அலவன்ஸ் எல்லை மூன்று அறைக்கு ஏறிவிடும், வாடகை ஏறாது. அலுவலரிடம் இதைச் சொன்னதும் "அப்படியா" என்றார். விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

நவம்பர் நடுவில் கடிதம். கிழமைக்கு 50 பவுண்ட், 26 கிழமை, மொத்தம் 1,300. முதல் விண்ணப்பம் போட்டதற்கு அடுத்த திங்கள், செப்டெம்பர் 15 இலிருந்து. முழு இடிப்பையும் தரவில்லை. மாதத்துக்கு 90 சொச்சம் நாங்கள் போட்டோம். பின்தேதியிட்டு ஒன்பது கிழமைக்கு முதலில் வந்தது சரியாக 450. சீட்டில் விட்ட கழிவும் 450. இவர் அதைப் பார்த்துவிட்டு, "கவுன்சில் தந்ததைச் சீட்டு எடுத்துக்கொண்டுபோச்சு" என்றார். அதனால்தான் காசுக்கு ஒரு புள்ளி குறைத்தேன், வேறொன்றுமில்லை.

இன்னொரு எரிச்சல்: காசு நாலு கிழமைக்கு ஒரு தடவை வந்தது, வாடகை மாதத்துக்கு ஒரு தடவை போனது. ஒவ்வொரு தடவையும் இரண்டும் தள்ளித் தள்ளி நிற்கும். நாள்காட்டியில் சிவப்பால் வட்டம் போட்டு வைத்தோம். ஆனால் இந்தக் காசை யுனிவர்சல் கிரெடிட்டில் வருமானமாகக் கழிப்பதில்லை, ஒரு கையால் தந்து மறுகையால் பிடுங்கும் வேலை இல்லை. அது நிம்மதி.

யாருக்கு டி.எச்.பி. சரிவரவில்லை என்றும் சொல்லிவிடுகிறேன், கோயிலில் கேட்கிறார்கள். விசாவில் 'பொது நிதி பெறமுடியாது' என்று இருப்பவர்கள் பொதுவாக யுனிவர்சல் கிரெடிட்டே எடுக்க முடியாது, ஆகவே இந்தக் கதவும் இருக்கவில்லை. கவுன்சில் டாக்ஸ் குறைப்பு மட்டும் எடுத்தவர்களுக்கும் இருக்கவில்லை. வாடகையோடு சேர்த்து வாங்குகிற தண்ணீர், ஹீட்டிங் காசுக்குத் தரவில்லை. புது வீட்டுக்கு டெபொசிட், முன்வாடகை, சாமான் ஏற்றும் வான் கூலி இவற்றுக்குக் கேட்க முடிந்தது. இது எனக்கும் பிந்தித்தான் தெரிந்தது. எங்கள் மேல்மாடி அக்காவின் மகனுக்கு மாற்றுத்திறனாளி உதவித்தொகை வருகிறது. அதையும் வருமானமாகப் பிடித்து இல்லை என்பார்கள் என்று அவர் விண்ணப்பிக்காமலே இருந்தார். 2015 இல் சான்ட்வெல் கவுன்சில் மீது போட்ட வழக்கில், பராமரிப்புக்கு வரும் அந்தப் பங்கை வழக்கமாகவே வருமானத்தில் சேர்ப்பது சட்டப்படி பிழை என்று உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆலோசனைப் பெண்தான் சொன்னார். அக்காவையும் அவரிடம் அனுப்பினேன்.

2026 ஏப்ரல் முதலாம் திகதியிலிருந்து இங்கிலாந்தில் இந்தத் திட்டத்தை கிரைசிஸ் அண்ட் ரெசிலியன்ஸ் ஃபண்ட் என்ற புதிய நிதிக்குள் சேர்த்துவிட்டார்கள். வாடகை உதவியும் இனி அதற்குள்தான். பெயர் மாறினாலும் கவுன்சில் அதே கவுன்சில், செலவுப் பக்கமும் ஏதோ ஒரு வடிவில் இருக்கத்தான் போகிறது. சப்பாத்தை எழுத மறக்காதீர்கள்.

எங்கள் உதவி மார்ச் 15 முடிந்தது. அதற்கு ஆறு நாளுக்கு முன் மூத்தவளுக்குப் பதினாறு. நான் காலையில் கேக் வெட்டுமுன்பே யுனிவர்சல் கிரெடிட் ஜேர்னலில் பிறந்தநாளைப் பதிந்தேன். அடுத்த கணக்கில் 310 இடிப்பு 30 சொச்சமாகச் சுருங்கிவிட்டது. இரவு அவளுக்கு விஷயத்தைச் சொன்னேன், உன்னால்தான் வீடு நின்றது, இனி உனக்கென்று தனி அறைக்கு அரசாங்கம் காசு தருகிறது என்று. அவள் மேல் கட்டிலில், சின்னவள் கீழ்க் கட்டிலில்.

"அந்த அறை எங்கே அம்மா இருக்கு?" என்றாள்.